தலையின் இடப்பக்கம்

பத்தாம் வகுப்பில் ஒரு நாள், கரும்பலகையில் எழுதியிருந்த கணக்கின் நடுவில் ஒரு எண் காணாமல் போனது. சார் அழித்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் இருந்தவளின் கொப்பியைப் பார்த்தேன். அவள் எழுதியிருந்த வரியிலும் நடுவில் ஓட்டை. எதைப் பார்த்தாலும் அந்த ஓட்டை அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது. இடது கண்ணை மூடிப் பார்த்தேன், இருந்தது. வலது கண்ணை மூடிப் பார்த்தேன், அப்போதும் இருந்தது. இரண்டையும் மூடினேன். மூடிய இமைக்குள்ளும் அது இருந்தது, ஓரத்தில் ரம்பப் பல் போல வெளிச்சம் நெளிந்துகொண்டு.

மெல்ல அது பெரிதாகியது. இடப்பக்கமாக வளைந்து, பிறை மாதிரி விரிந்து, பற்கள் எல்லாம் மினுங்கின. நான் குருடாகப் போகிறேன் என்று முடிவு செய்துவிட்டேன். குருடாகிறவள் யாரிடமாவது சொல்ல வேண்டும் அல்லவா? நான் சொல்லவில்லை. கண் தெரியாது என்று தெரிந்தால் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். எழுந்து நின்று, "சார், வயித்து வலி" என்றேன். பெண்பிள்ளைகள் அப்படிச் சொன்னால் அவர் மேலே எதுவும் கேட்கமாட்டார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போ போ" என்றார்.

பள்ளிக்கூடத்திலிருந்து, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குத் தேயிலைக்குள் இறங்கிப் போகும் குறுக்கு வழி. பாதி வழியில் வெளிச்சம் ஓரமாக ஒதுங்கி அணைந்துபோனது. கண் திரும்பி வந்துவிட்டது. ஒவ்வொரு இலையும் முழுதாகத் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் அப்படியே ஒரு கல்லில் உட்கார்ந்தேன். எழுந்திருக்கும்போது இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலால் அழுத்தத் தொடங்கியிருந்தார்கள்.

லயத்துக்குப் போய்ச் சேருவதற்குள் வழியோரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் ஒருவரும் இல்லை. அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தாள். அப்பா நான் சின்னவளாக இருக்கும்போதே இறந்துபோனார். அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் நின்றான். ஜன்னலில் சாக்கைச் சொருகி வெளிச்சத்தை அடைத்துவிட்டுத் தரையில் படுத்தேன். தகரக் கூரை வெயிலில் டக் டக்கென்று விரிவது ஒவ்வொன்றும் என் மண்டையில் விழுந்தது. பக்கத்துக் காம்பராவில் யாரோ வெங்காயம் வதக்கினார்கள். லயத்துச் சுவர்கள் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டு வாசனை ஆறு வீட்டுக்கும் பொது.

அம்மா அந்திக்கு வந்தாள். கூடையை முன்திண்ணை இஸ்தோப்பில் இறக்குகிற சத்தம் கேட்டது. உள்ளே வந்து நின்று பார்த்தாள்.

"என்னா புள்ள, இந்நேரத்துல படுத்திருக்க?"

"தல வலிக்குதும்மா."

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்."

தலைத்துணியை அவிழ்த்து உதறினாள். பிறகு குரல் மாறி வந்தது. "புத்தகம் தூக்குறவளுக்கு என்னா தலவலி? நீ என்னத்தச் சொமந்த?"

அந்தக் கேள்வி பல வருடங்கள் என்னோடு இருந்தது.

அம்மாவுக்குத் தலைவலி உண்டு என்பது எங்கள் லயத்தில் எல்லாருக்கும் தெரியும். மாதத்துக்கு ஒரு தடவை, சில மாதம் இரண்டு தடவை, பழைய சேலைத் துண்டை நெற்றியைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டிருப்பாள். அன்றைக்கு அவளிடம் பேசக்கூடாது. காரணம் கேட்பவர்களிடம் ஒரே பதில்தான் சொல்வாள்: "கூடக் கயிறு. இழுத்து இழுத்து மண்டையில ஊறிப்போச்சு." அதை யாரும் மறுத்ததில்லை. கூடையின் கயிறு உச்சந்தலையில் அழுந்தி, எத்தனையோ பெண்களுக்கு அந்த இடத்தில் முடி தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கும். ஈரக் கொழுந்து நிறைந்த கூடை முழுவதும் அந்தக் கயிற்றில்தான் தொங்கும். தலை வலிக்காமல் என்ன செய்யும்?

அதனால்தான் என்னைப் படிக்க வைத்தாள். இந்தத் தலையில் கயிறு ஏறக்கூடாது என்று என் உச்சியில் எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் சொல்வாள். கயிறே ஏறாத தலையில் வலி வந்தது அவளுக்கு நான் செய்த துரோகம் மாதிரி எனக்குப் பட்டது. எதையும் சுமக்காதவளுக்கு இந்த வலிக்கு உரிமை இல்லை. அன்றிலிருந்து நான் மறைக்கத் தொடங்கினேன்.

மறைப்பது கஷ்டமாக இல்லை. அதுதான் இந்த நோயின் குணம். காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கலாம். கை ஒடிந்தால் கட்டுப் போட்டிருக்கும். இது முகத்தில் தெரியாது. விறகு பொறுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, லயத்துக்குப் பின்னால் பாழடைந்து கிடந்த பழைய லயத்துக்குப் போவேன். கூரை பாதி போய், சுவர் மட்டும் நின்ற ஒரு காம்பரா. அதன் இருட்டு மூலையில் நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டு இருப்பேன். பாசி பிடித்த சுவர் குளிர்ச்சியாக இருக்கும். மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம். தூரத்தில் ரயில் தெமோதரை ஸ்டேஷனை நெருங்கி ஊதும். அந்த ஊதலுக்கு மட்டும் பயந்து காதைப் பொத்துவேன். பிறகு நான்கு சுள்ளியோடு வீட்டுக்குப் போனால், "இம்புட்டு நேரமா இதத்தான் பொறுக்குன?" என்று அம்மா கேட்பாள்.

ஆறு குடும்பம் முதுகோடு முதுகு ஒட்டி வாழும் இடத்தில் தனியாக இருப்பது என்பது யாருக்கும் வாய்க்காத விஷயம். குழந்தை அழுதால் ஆறு பேர் ஓடி வருவார்கள். எனக்கு மட்டும் தனிமை மாதம் இரண்டு தடவை என்னைத் தேடி வந்தது. வலியைவிட அதுதான் பெரிதாக இருந்தது. வலிக்கும்போது உலகத்தில் வேறு ஒருவரும் இல்லை. அம்மா இல்லை, லயம் இல்லை, எனக்குப் பெயர்கூட இல்லை. ஒரு கண்ணும் அதன் பின்னால் ஒரு விரலும் மட்டும்.

வருவதற்கு முந்தின நாளே எனக்குத் தெரிந்துவிடும் என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டேன். ஓயாமல் கொட்டாவி வரும். சீனிக்கு நாக்கு அலையும். அன்றைக்கு மலையெல்லாம் கழுவித் துடைத்தது போல் இருக்கும். எதிர்ச் சரிவில் கொழுந்து பறிப்பவர்களின் தலைத்துணி நிறம்கூடத் துல்லியமாகத் தெரியும். அப்படி ஒரு அழகு தெரிந்தால், மறுநாள் விறகு பொறுக்கப் போவதாக அன்றைக்கே அம்மாவிடம் சொல்லி வைப்பேன். வலி போன மறுநாளோ, உடம்பு ஊதினால் பறந்துவிடும் அளவுக்கு லேசாக இருக்கும். ஒரு வாய் சோறும் சம்பலும் அவ்வளவு ருசிக்கும். அந்த ஒரு நாளுக்காக இதைப் பொறுத்துக்கொள்ளலாமோ என்றுகூடச் சில சமயம் நினைத்திருக்கிறேன். அடுத்த தடவை வரும்போது அந்த நினைப்பு ஓடிவிடும்.

பண்டாரவளைக்குப் போய் ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டேன். கரும்பலகை சரியாகத் தெரியவில்லை என்று அம்மாவிடம் பொய் சொல்லித்தான். கண்ணாடியில் ஒரு பிரயோசனமும் இல்லை. தோட்டத்து மருந்துக் காம்பராவில் தந்த வெள்ளை மாத்திரை வயிற்றில் தங்காமல் வாந்தியோடு போனது. உயர்தரப் பரீட்சையின் இரண்டாவது பாடத்தன்று, வினாத்தாளைத் திருப்பியபோது வரிகளின் தொடக்கங்கள் எல்லாம் அழிந்திருந்தன. வாக்கியத்தின் வால்கள் மட்டும் தெரிந்தன. அரை மணி நேரம் கண் திரும்புவதற்குக் காத்திருந்தேன். கண் வந்தபோது வலியும் வந்தது. எதையோ எழுதி, விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். ஆசிரியர் ஆகும் எண்ணம் அந்த மண்டபத்தோடு முடிந்தது. முடிவு வந்த அன்று அம்மா ஏசவில்லை. "சரி விடு. மலைக்கு மட்டும் போகாத" என்றாள்.

அப்படித்தான் எல்ல என்ற ஊரில் ஒரு விடுதியில் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் பஸ்ஸில் போய், மாலையில் திரும்பும் வேலை. வெள்ளைக்காரர்கள் முதுகில் பெரிய பைகளோடு ரயிலில் வந்து இறங்கி, இரண்டு நாள் மலை ஏறி, படம் பிடித்துக்கொண்டு போவார்கள். அறை கூட்டுவது, விரிப்பு மாற்றுவது, குளியலறை கழுவுவது என் வேலை. விடுதியில் எனக்குப் பிடித்த இடம் படுக்கை விரிப்புகள் அடுக்கிவைக்கும் சின்ன அறை. அதற்கு ஜன்னல் கிடையாது. வலி வந்தால் அங்கே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மடித்த விரிப்புகளுக்கு நடுவில் தலையைப் புதைத்துக்கொள்வேன்.

அங்கே சமையலுக்கு இருந்த சிங்கள அக்கா ஒரு நாள் என்னை அப்படிக் கண்டுபிடித்துவிட்டாள். "நங்கி, உனக்கு இருவாரதய" என்றாள். நங்கி என்றால் தங்கச்சி. வெயிலோடு ஏறி வெயிலோடு இறங்கும் ஒற்றைத் தலைவலிக்குச் சிங்களத்தில் அந்தப் பெயர். அவளுடைய ஊரில் ஒருவருக்கு இருந்ததாம், எலுமிச்சை தேய்த்துக் குணமாகிவிட்டதாம். அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் என்னுடையது வெயிலைப் பார்த்து வரவில்லை. மழைக்கும் வந்தது, மூடுபனிக்கும் வந்தது. ரம்பப் பல்லைப் பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை.

எனக்கு முப்பது தாண்டியிருந்த வருடம் அது. மேல் மாடி மூலை அறையில் ஒரு பெண் தனியாக வந்து தங்கினாள். ஐம்பது வயது இருக்கும். போலந்து நாடு என்று பதிவுப் புத்தகத்தில் இருந்தது. முதல் நாள் கலகலப்பாகப் பேசி, இரண்டு தடவை சாப்பாட்டுக்குப் பிறகு இனிப்புக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மறுநாள் காலைச் சாப்பாட்டுக்கு இறங்கி வரவில்லை. பத்து மணி வாக்கில் கதவைத் தட்டினேன். சத்தம் இல்லை. சாவியால் திறந்து, ஒரு அடி வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

திரைச்சீலை இரண்டையும் நடுவில் சேர்த்து, முடிக்குக் குத்தும் கிளிப்புகளால் மேலிருந்து கீழ் வரைக்கும் கவ்வியிருந்தாள். கதவுக்குக் கீழே வெளிச்சம் வராமல் துவாயைச் சுருட்டி வைத்திருந்தாள். நான் திறந்தபோது அது ஒதுங்கியது. கட்டில் ஓரத்தில் குப்பைக் கூடை. அவள் இடப்பக்கத்தை மேலே வைத்து ஒருக்களித்துப் படுத்து, நனைத்த காலுறையைக் கண்ணுக்கு மேல் போட்டிருந்தாள்.

அது என் காம்பரா. ஜன்னலில் சாக்கு சொருகிய என் காம்பரா.

நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேச்சு அடிபோல விழும் என்று எனக்குத் தெரியும். மேசையில் நாங்கள் வைத்திருந்த அரலியப் பூக்களை முதலில் எடுத்துக்கொண்டு போனேன், அந்த வாசனையே போதும் குடலைப் புரட்ட. இரைந்துகொண்டிருந்த சின்னக் குளிர்பெட்டியின் வயரைக் கழற்றினேன். கீழே போய்ச் சமையலறை வானொலியைக் குறைக்கச் சொன்னேன். சிங்கள அக்கா காரணம் கேட்கவில்லை, நிறுத்தியே விட்டாள். ஐஸ் கட்டியை ஒரு துணியில் பொதிந்து, காலுறையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்தேன். அந்தப் பெண்ணின் கை எழுந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருந்து, பிறகு விட்டது. குப்பைக் கூடையைக் கழுவி வைத்துவிட்டு, துவாயை வெளிப்பக்கமாகக் கதவடியில் செருகிவிட்டு வந்தேன்.

மறுநாள் அவள் பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்து, ஆனால் சிரித்தபடி. எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும், உடம்பு லேசாக இருக்கும் நாள் அது. என்னைக் கூப்பிட்டு, மெதுவான ஆங்கிலத்தில் கேட்டாள்: "பூவை எடுக்க வேண்டும் என்று உனக்கு எப்படித் தெரிந்தது?"

எனக்கு விடுதி ஆங்கிலம்தான். விரலால் என் இடது கண்ணைக் காட்டினேன். "எனக்கும்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு உணவகத்து ரசீதுத் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, பேனாவால் ஒரு பிறை வரைந்தாள். பிறையின் வெளி ஓரத்தில் கூரான பற்கள், ஒன்றன்பின் ஒன்றாக. தாளை என் பக்கம் தள்ளினாள்.

என் தலைக்குள் இருந்ததை வேறொருவர் தாளில் வரைந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பதினாறு வயதிலிருந்து எனக்கு மட்டும் சொந்தமான பைத்தியம் என்று நான் நினைத்திருந்த பொருள், மேசையில், காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் கிடந்தது. நான் பேனாவை வாங்கி, பிறையின் உள்ளே ஒரு வட்டம் போட்டு அதை வெறுமையாக விட்டேன். எண் காணாமல் போகும் இடம் அது. அவள் "ஆமாம், ஆமாம்!" என்று கையால் மேசையைத் தட்டிச் சிரித்தாள். அவளுக்குக் கண்ணீரும் வந்தது. இரண்டு பேரும் அந்தத் தாளுக்கு மேல் குனிந்துகொண்டு சிரித்தோம்.

"இதற்குப் பெயர் உண்டு. மைக்ரேன்," என்றாள். "டாக்டரிடம் போய் இந்தப் படத்தைக் காட்டு. என் அம்மாவுக்கும் இருந்தது. குடும்பத்தில் வரும். உன் அம்மாவுக்கு இருக்கிறதா?"

"இல்லை," என்றேன் உடனே. "அம்மாவுக்குக் கூடையால் வருவது."

கூடை என்றால் என்ன என்று கேட்டாள். தலையில் கயிறு மாட்டுவதைக் கையால் காட்டினேன்.  அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்து என்னைப் பார்த்த விதம் எனக்குள் தங்கிவிட்டது. அடுத்த நாள் காலை ரயிலில் போய்விட்டாள். அவள் பெயரை நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

தாளைப் பல நாள் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா இஸ்தோப்பில் உட்கார்ந்து நெத்தலி கிள்ளிக்கொண்டிருந்தாள். வெளியே சாரல். லயத்தில் பாதிப் பேர் கோயிலுக்குப் போயிருந்தார்கள். நான் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"இது என்னான்னு தெரியுதாம்மா?"

அம்மா குனிந்து பார்த்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். விரலால் அந்தப் பற்களின் மேல் மெல்லப் போனாள், மேலிருந்து கீழே. பிறகு தாளை எடுத்துத் திருப்பி வைத்தாள்.

"இப்புடி இல்ல," என்றாள். "தொறந்த பக்கம் இங்கிட்டு இருக்கும்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "உனக்கு இது வருமா?"

"வலிக்கு முன்னுக்கு வரும். யாரு போட்டது இத?"

"விடுதிக்கு வந்த ஒரு வெள்ளக்காரி. அவங்களுக்கும் வருது. எனக்கும் வருதும்மா."

"தெரியும்," என்றாள் அம்மா.

 அவள் ஒரு நெத்தலியை எடுத்துத் தலையைக் கிள்ளாமல் திரும்ப வைத்தாள்.

"எப்ப இருந்து உனக்கு?" என்று கேட்டேன்.

"பன்னண்டு வயசு இருக்கும்."

"அப்ப நீ கூடையத் தூக்கலையே."

"இல்ல."

"பொறகு ஏன் கயிறு, கயிறுன்னு சொன்ன?"

அம்மா என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "கயிறுன்னா எல்லாருக்கும் வெளங்கும். கண்ணுக்குள்ள பல்லுப் பல்லா வெளிச்சம் வருதுன்னு ஒரு தடவ சொன்னேன். எங்க அப்பா பூசாரியக் கூட்டியாந்தாரு. வேப்பங்கொழையால அடிச்சாங்க, பேய் போகணும்னு. தலவலியோட அடிச்சாங்க புள்ள. அந்த உடுக்குச் சத்தம் இருக்கே..." கையை எடுத்து இடது நெற்றியில் வைத்தாள். "அதோட வாயத் தொறக்கல. மலைக்குப் போன பொறகு கயிறு கெடச்சிச்சு. அதையே சொல்லிக்கிட்டேன்."

நான் கேட்க நினைக்கவில்லை. ஆனால் கேட்டுவிட்டேன். "அன்னைக்கு நான் படுத்திருந்தப்ப, நீ என்னத்தச் சொமந்தன்னு கேட்டியேம்மா."

"எந்தப் பக்கம்னு கேட்டேன். இடப்பக்கம்னு நீ சொன்ன ஒடனே வெளங்கிப்போச்சு, நான்தான் ஒனக்குக் குடுத்திருக்கேன்னு." ஒரு நெத்தலியின் தலையைக் கிள்ளினாள். "பயம். வேற என்னா? திட்டுனா போயிரும்னு நெனச்சேன் போல."

பத்தடிக்குப் பன்னிரண்டு அடி காம்பரா எங்களுடையது. அதற்குள் பதினைந்து வருடத்துக்கு மேல் இரண்டு பேருக்கும் ஒரே வலி வந்து போயிருக்கிறது. அவள் சுவரைப் பார்த்துப் படுத்தாள், நான் பாழடைந்த லயத்துக்கு ஓடினேன். அவளுடைய ரம்பப் பல்லை அவள் தனியாகப் பார்த்தாள், என்னுடையதை நான் தனியாகப் பார்த்தேன். அந்த மத்தியானம் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருந்தது, கொஞ்ச நேரம். அதற்குப் பிறகு அந்த வருடங்களை எண்ணி வந்த துக்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது. நாங்கள் கட்டிக்கொண்டு அழவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. அம்மா நெத்தலியை முடித்துவிட்டு அடுப்பு மூட்டப் போனாள்.

அடுத்த மாதம் இருவரும் பஸ் ஏறிப் பதுளைக்குக் கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் இளைஞர். சிங்களத்தில் கேட்டார், நான் சிங்களத்தில் சொன்னேன். ரசீதுத் தாளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. இவ்வளவு சரியாக யாரும் வரைந்து காட்டியதில்லை என்றார். கண்ணில் கோளாறு இல்லை, மூளையில்தான் அந்த வெளிச்சம் பிறக்கிறது, அதனால்தான் கண்ணை மூடினாலும் தெரிகிறது என்று விளக்கினார். எனக்கு எவ்வளவோ பழைய கேள்வி அது. தினமும் போட ஒரு மாத்திரை எழுதினார். பிறகு என் பின்னால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாவைப் பார்த்து, "அம்மாவுக்கும் தலைவலி உண்டா?" என்று கேட்டார்.

அம்மாவுக்குச் சிங்களம் விளங்கும். தமிழில்தான் பதில் சொன்னாள். "எனக்குக் கூடக் கயிறுங்க ஐயா."

டாக்டர் என்னைப் பார்த்தார், மொழிபெயர்க்கச் சொல்லி.

நான் சிங்களத்தில் சொன்னேன்: "அம்மாவுக்கும் இதேதான். பன்னிரண்டு வயதிலிருந்து."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மறுத்துப் பேசுவாள் என்று நினைத்தேன். பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் எழுதத் தொடங்கினார். பஸ்ஸில் வரும்போது பாதி வழி வரைக்கும் அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "தாளுல எழுதிட்டாரா?" என்று கேட்டாள்.

"எழுதிட்டாரும்மா."

"ம்," என்றாள்.

மாத்திரையால் எனக்கு வலி குறைந்தது, போகவில்லை. அம்மாவுக்கோ, வயது ஏறிய பிறகு அது தானாகவே நின்றுவிட்டது. அப்படி நின்றுபோவது உண்டு என்று டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகுதான் அம்மா எனக்குக் காவல் இருந்தாள். எனக்குக் கொட்டாவி வரத் தொடங்கினாலே கம்பளியை எடுத்து ஜன்னலில் மாட்டுவாள். இஸ்தோப்பில் போய்க் கால் நீட்டி உட்கார்ந்துகொள்வாள். டிவி சத்தம் போட்டால், "கொஞ்சம் கொறைங்க, மகளுக்கு மைக்ரேன்" என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்வாள். அந்தச் சொல்லை அவள் வாயில் கேட்பது எனக்கு வேடிக்கையாக இருக்கும். அவள் உள்ளே வந்து கையைப் பிடிக்கவோ தடவிக்கொடுக்கவோ மாட்டாள். அது வேண்டாம் என்று அவளுக்குத்தான் தெரியுமே. கதவுக்கு வெளியே அவள் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். வலி குறையவில்லை. ஆனாலும் வலிக்கும்போது உலகத்தில் இன்னும் ஒரு ஆள் இருந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நெஞ்சுச் சளிக் காய்ச்சலில் அம்மா போய்விட்டாள். மூன்றே நாள். அண்ணன் கொழும்பிலிருந்து வந்தான். முற்றத்தில் பந்தல் போட்டு அவளைக் கிடத்தியிருந்தார்கள். தப்பு அடிக்கிறவர்கள் வந்து நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சினார்கள். மூன்று நாள் தூக்கமில்லை, சாப்பாடில்லை. அது வராமல் இருக்குமா? கடைசியாக முகம் பார்க்கக் கூப்பிட்டபோது நான் குனிந்தேன். அம்மாவின் முகத்தில் ஒரு பக்கம் இல்லை. பொட்டு வைத்த நெற்றியில் பாதியும் ஒரு கண்ணும் கன்னமும் இருக்கவேண்டிய இடத்தில் வெளிச்சம் பல்லாக நெளிந்தது. பார்வையை அங்கே இங்கே நகர்த்திப் பார்த்தேன். காதைப் பார்த்தால் வாய் போனது. வாயைப் பார்த்தால் கண் போனது. "போதும் புள்ள, எந்திரி" என்று யாரோ தோளைத் தொட்டார்கள். "கொஞ்சம் இருங்க" என்று கெஞ்சினேன். கண் திரும்புவதற்கு இன்னும் கால் மணி நேரமாவது வேண்டும். அதை யாரிடம் சொல்வது? சொன்னால் விளங்கக்கூடிய ஒரே ஆள் அங்கே கிடந்தாள். தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அண்ணனிடம் பிற்பாடு இதைச் சொன்னேன். "அழுததுல கண்ணு மறச்சிருக்கும்" என்றான். சரி என்றேன்.

இப்போது அந்தக் காம்பராவில் நான் மட்டும் இருக்கிறேன். விடுதியில் அறைகளைப் பார்க்கிற மற்றப் பெண்களுக்கு நான் பொறுப்பு. வலி வந்தால் நானே கம்பளியை மாட்டி, நானே ஐஸ் எடுத்து வைத்துவிட்டுப் படுக்கிறேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தமாக இருக்கும். எழுந்துபோய்ச் சொல்லத் தெம்பிருக்காது. சில தடவை வலியின் நடுவில் இஸ்தோப்பில் யாரோ காலை மடக்கி நீட்டுவது போலத் தோன்றும். நாயாக இருக்கும்.

போன மாதம் பண்டாரவளையிலிருந்து மரக்கறி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். எனக்கு முன் இருக்கையில் கந்தோர் வேலைக்குப் போய்வருகிற மாதிரி சேலை கட்டிய, என் வயது இருக்கும் ஒரு பெண். நெற்றியின் இடப்பக்கத்தை ஜன்னல் கம்பியில் அழுத்திவைத்திருந்தாள். கண் இறுக மூடியிருந்தது. வளைவுகளில் பஸ் ஆடும்போது உதட்டைக் கடித்தாள். சூட்கேஸ் வைத்திருந்த ஆள் ஒருவர் போனில் பலமாகப் பேசிக்கொண்டிருந்தார். நான் எழுந்துபோய் அவரிடம், "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க ஐயா" என்றேன். அவர் முறைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். என் குடையை விரித்து ஜன்னல் வெயிலுக்கு மறைத்துப் பிடித்தேன்.  குனிந்து மெல்லக் கேட்டேன்.

"தலவலிங்களா? வரும்போது கண்ணுல ஏதும் வெளிச்சம் மாதிரி..."

அவள் கண்ணைத் திறந்து, புரியாமல் என்னையும் குடையையும் பார்த்தாள்.

"இல்லங்க," என்றாள். "பல்லு வலி. நாளைக்குப் புடுங்கப் போறேன்."

"ஓ," என்றேன். குடையை மடக்கினேன். அவள் நல்லவள். நான் கூச்சப்படுவதைப் பார்த்து, பக்கத்து இருக்கையில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இங்க ஒக்காருங்களேன்" என்றாள். உட்கார்ந்தேன். எந்தப் பல், எவ்வளவு நாளாக என்று விசாரித்தேன். வலிக்கிற வாயோடு எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். தெமோதரை வந்ததும் நான் இறங்கிக்கொண்டேன்.